ஏழு கம்ப்யூட்டரும் ஒன்பதாம் பாடமும்

மரவேலைப் பள்ளியில் அவளை எல்லோரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாது. பள்ளி இணையத்தில் வகுப்பு நடத்தத் தொடங்கிய காலத்தில், பாட வீடியோ ஓடவில்லை என்று யார் போன் செய்தாலும் வரவேற்பு மேசையில் இருந்த அவள்தான் எடுப்பாள். எப்படியாவது பேசிப் பேசி ஓட வைத்துவிடுவாள். "வீடியோவை ஓட்டுறவங்க டிரைவர்தானே?" என்று மாஸ்டர் ஒருநாள் விளையாட்டாகச் சொல்ல, பெயர் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. பள்ளியை நடத்துவதும் பாடம் எடுப்பதும் அந்த மாஸ்டர்தான். கீழே பட்டறை, மேலே அலுவலகம்.

இங்கே வருவதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். படம் நடுவில் நின்றுபோனால் திட்டுவதற்கு ஆள் தேடி ஜனம் வருவது டிக்கெட் ஜன்னலுக்குத்தான். கத்துகிறவர் கத்தி முடிக்கும்வரை வாயே திறக்க மாட்டாள். பிறகு, "எந்த இடத்துல சார் நின்னுச்சு?" என்று கேட்பாள். பாதிப் பேர் கோபத்தை மறந்து கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. மரவேலைப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் மவுஸைப் பிடித்த கை வியர்த்துக் கொட்டியது. இப்போது அந்தக் கை தூக்கத்தில்கூட கிளிக் செய்கிறது என்பது அவள் வீட்டுக்காரரின் புகார்.

அந்த வருஷம் மேசை இழுப்பறை செய்யும் பாடத்தொடர் போய்க்கொண்டிருந்தது. மொத்தம் பதினாறு பாடம். எட்டு வரை பெரிய தொந்தரவு இல்லை. ஒன்பதாவது பாடம்தான் தொடரின் உயிர். பலகையின் ஓரத்தைப் புறாவின் வால் மாதிரி வெட்டி, ஆணியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்றைக் கோக்கிற பாடம். அது வெளியான திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அடிக்க ஆரம்பித்த போன், மதியம் அவளைச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க விடவில்லை.

"சத்தம் வருது மேடம், படம் வரல."

"படம் வருது. ஆனா மாஸ்டர் நொண்டி நொண்டி நடக்கறார். உடம்பு ஏதும் சரியில்லையா?"

"ரம்பத்தை எடுக்கறார், அடுத்த நொடி பாத்தா பலகை ரெண்டா கிடக்கு. நடுவுல என்னதான் ஆச்சு?"

இணையதளத்தைச் செய்து கொடுத்த கம்பெனியின் இன்ஜினியருக்கு போன் போட்டாள். மரியாதையான ஆள்தான், ஆனால் எப்போதும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட அவசரம்.

"இங்க நல்லா ஓடுதே மேடம். அவங்க நெட் ஸ்லோவா இருக்கும். அப்படியே சொல்லிடுங்க."

சொன்னாள். இரண்டு பேரிடம் சொன்னாள். சொல்லும்போதே நாக்கு கூசியது. மூன்றாவதாக வந்தது ஒரு சலூன்காரரின் போன். கடையில் ஓரமாக வைத்திருக்கும் கம்ப்யூட்டரில், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பாடம் பார்க்கிறவர். கத்தரி, சீப்பு வைக்கத் தன் கையாலேயே ஒரு இழுப்பறை செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை.

"நெட்டா? எட்டாவது பாடம் தண்ணி மாதிரி ஓடுதும்மா. ஒன்பதாவதுக்கு மட்டும் என் நெட்டுக்கு என்ன வியாதி?" என்றார். "படம் கறுப்பா இருக்கு, சத்தம் மட்டும் வருது. சரின்னு ரேடியோ கேக்கற மாதிரி கேட்டுக்கிட்டே வெட்டிட்டேன். 'இப்படி வெச்சு, இந்தப் பக்கமா வெட்டணும்'னு சொல்றார். எப்படி வெச்சு? எந்தப் பக்கம்? போட்டோ அனுப்பறேன், நீங்களே பாருங்க."

போட்டோ வந்தது. இரண்டு பலகையும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றன. வால் வர வேண்டிய இடத்தில் பள்ளம், பள்ளம் வர வேண்டிய இடத்திலும் பள்ளம். அந்த இடைவெளியில் அவருடைய சீப்பே நுழைந்துவிடும். ஆனால் வெட்டிய கோடுகள் நேராக, சுத்தமாக இருந்தன. பார்க்காமலே இவ்வளவு நேராக அறுத்த மனிதர், பார்த்திருந்தால்?

"எனக்கு நாலு நாள் குடுங்க," என்றாள். "நெட்டுன்னு இனிமே நான் சொல்ல மாட்டேன்."

அன்று மதியமே ஒரு நோட்டை எடுத்தாள். போன் செய்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டாள். கம்ப்யூட்டர் வாங்கி எத்தனை வருஷம்? எதைத் திறந்து வீடியோ பார்க்கிறீர்கள்? எத்தனையாவது நிமிஷத்தில் தகராறு? எட்டாவது பாடம் எப்படி? "மேடம், இது என்ன மக்கள்தொகைக் கணக்கெடுப்பா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, உங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன வயசு?" என்றாள். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

செவ்வாய் மாலைக்குள் நாற்பத்தொரு பேர். வரிசையாகப் படித்துப் பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் குத்தியது. படம் கறுப்பாக வருகிறவர்கள் எல்லோரிடமும் இருப்பது பழைய கம்ப்யூட்டர். அவர்கள் யாருக்குமே எட்டாவது பாடம் வரை ஒரு குறையும் இல்லை.

படியிறங்கிப் பட்டறைக்குப் போனாள். மாஸ்டர் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒன்பதாவது பாடத்துல என்ன மாத்தினீங்க?"

"நான் என்னத்த மாத்தினேன்? அதே மரம், அதே உளி, அதே சட்டை."

"வேற எதுவும்?"

"கேமராதான் புதுசு. படம் கண்ணாடி மாதிரி இருக்கும்னு சொன்னாங்க, வாங்கினேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "ஏன், கேமராவாலயா?"

"தெரியல மாஸ்டர். தெரியாம அதும்மேல பழி போட வேண்டாம்."

தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே மாதிரி பழைய கம்ப்யூட்டரில் தானே ஓட்டிப் பார்ப்பது. அலுவலகத்தில் இருந்த இரண்டும் போன வருஷம் வாங்கியவை. எதைப் போட்டாலும் சமர்த்தாக ஓடின. அவளுக்கு வேண்டியது நோயாளிகள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாளுக்கு ஆறேழு கட்டடம் ஏறி இறங்குகிறவர். "எங்கயாவது ஓரமா கிடக்கற கம்ப்யூட்டர் இருந்தா கேளுங்க. கெட்டுப்போயிருக்கக் கூடாது, பழசா இருக்கணும்," என்று சொல்லி அனுப்பினாள்.

"உலகத்துல எல்லாரும் புதுசு கேப்பாங்க," என்று முனகிக்கொண்டே போனவர், புதன் காலை வேனில் நான்கைக் கொண்டுவந்து இறக்கினார். இன்னொன்று அவள் அக்காவின் தையல் கடையிலிருந்து வந்தது. அதனோடு அலுவலகத்தின் இரண்டையும் சேர்த்து ஏழு. மேலே இடம் இல்லாததால் பட்டறையின் நீள மேசையில், மரத்தூளைத் துடைத்து, விரிப்பு போட்டு, வரிசையாக வைத்தார்கள்.

ஒன்பதாம் பாடத்தை ஏழிலும் போட்டாள். மூன்றில் கறுப்பு. இரண்டில் நொண்டி. இரண்டில் அருமை. நோட்டில் இருந்த கதை அப்படியே மேசைமேல் நடந்தது. எட்டாம் பாடத்தைப் போட்டாள். ஏழிலும் ஓடியது.

அடுத்து இரண்டு பாடத்தின் கோப்பு விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை என்ற இடத்தில் மட்டும் இரண்டிலும் வேறு வேறு எழுத்துகள். அது என்ன எழுத்து என்று இணையத்தில் தேடி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் படித்தாள். புரியாததை மறுபடி படித்தாள். மெல்ல மெல்ல விஷயம் பிடிபட்டது. வீடியோ என்பது இறுக்கிக் கட்டிய மூட்டை. பழைய கேமரா எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அவிழ்க்கத் தெரிந்த முடிச்சைப் போட்டது. புதிய கேமரா வேறு முடிச்சு போடுகிறது. புதிய கம்ப்யூட்டர் அதைச் சட்டென்று அவிழ்க்கும். சிலது திணறித் திணறி அவிழ்க்கும். சிலதுக்கு அந்த முடிச்சே தெரியாது.

இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி, ஒன்பதாம் பாடத்தைப் பழைய முடிச்சுக்கு மாற்றினாள். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஏழு கம்ப்யூட்டரிலும் அடுத்தடுத்து அமுக்கிக்கொண்டே போனாள். ஏழு மாஸ்டர்கள் ஒருவர் பின் ஒருவராக ரம்பத்தை எடுத்தார்கள். "இப்படி வெச்சு, இந்தப் பக்கமா வெட்டணும்" என்று ஏழு குரல் பட்டறை முழுக்க எதிரொலித்தது. நிஜ மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"எனக்கு உச்சந்தலை இவ்வளவு காலியா இருக்குன்னு யாருமே சொல்லலையே," என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வெள்ளிக்கிழமை இன்ஜினியரை நேரில் வரச் சொன்னாள். பையிலிருந்து மெல்லிய புது லேப்டாப்பை எடுத்து, உட்காராமலே ஒன்பதாம் பாடத்தை ஓட்டிக் காட்டினார்.

"பாருங்க மேடம். எவ்வளவு அழகா ஓடுது!"

"ஓடுது சார். கொஞ்சம் கீழ வாங்க."

மேசையில் மூன்று கறுப்புத் திரை, இரண்டு நொண்டி மாஸ்டர். நோட்டை மட்டும் அவர் கையில் கொடுத்தாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த மனிதர் உட்கார்ந்து அவள் பார்த்தது அன்றுதான்.

"எது ஏத்தினாலும் பழைய முறைக்குத் தானா மாறணும்னு ஒரு அமைப்பு இருந்துச்சு," என்றார் கடைசியில். "போன மாசம் சர்வரை மாத்தும்போது அதைத் திரும்பப் போட மறந்துட்டோம். தப்பு எங்க பக்கம்தான் மேடம்." பிறகு தயங்கி, "இதை நீங்க எங்க படிச்சீங்க?" என்று கேட்டார்.

"இங்கதான் சார்," என்றாள். "இந்த மேசையில, புதன்கிழமை."

அன்று மாலைக்குள் பாடம் சரியானது. நாற்பத்தொரு பேருக்கும் அவளே போன் செய்து சொன்னாள். நாற்பது பேருக்கு ஓடியது. சலூன்காரருக்கு மட்டும் ஓடவில்லை.

"இப்ப கறுப்பு இல்லம்மா, பச்சை," என்றார், அலுத்துப்போன குரலில்.

பிறகு அந்தப் பச்சையைப் பற்றியும் படித்தாள். சனிக்கிழமை காலை அவர் கடைக்கு போன் போட்டாள். நாற்காலியில் ஒருவர் பாதி முகம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தாராம். பரவாயில்லை, தானும் என்னவென்று பார்க்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டாராம்.

"மேல வலது ஓரத்துல மூணு புள்ளி இருக்கா?"

"இருக்கு."

"அதை அமுக்குங்க. செட்டிங்ஸ்னு வரும். உள்ள போய் சிஸ்டம்னு தேடுங்க."

"சிஸ்டம்... சிஸ்டம்... இருங்க, கையெல்லாம் சோப்பு. ஆங், வந்துடுச்சு."

"அதுல ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்னு ஒண்ணு 'ஆன்'ல இருக்கும். அணைச்சுடுங்க. படத்தைக் காட்ட உங்க கம்ப்யூட்டர் ஒரு குறுக்கு வழியில போகுது. அந்த வழி உங்க மெஷின்ல பழுது. நேர் வழியிலேயே போகட்டும். இப்ப மொத்தத்தையும் மூடிட்டு, திரும்பத் திறங்க."

மறுமுனையில் கிளிக் கிளிக் என்று கேட்டது. பிறகு மாஸ்டரின் குரல் கேட்டது. பிறகு இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"தெரியுதும்மா! கை தெரியுது, ரம்பம் தெரியுது! அடப்பாவி, அந்தப் பக்கமா வெட்டணும்? நான் நேர் எதிர்ல வெட்டியிருக்கேன்!"

அந்த வாரத்துக்குப் பிறகு எந்தப் பாடமும் அந்த மேசையைத் தாண்டாமல் வெளியே போனதில்லை. இன்ஜினியரின் கம்பெனியில் மற்ற பள்ளிகளுக்கான வேலைகளிலும், "அந்த மேடம் பாத்துட்டாங்களா?" என்று கேட்பது வழக்கமானது. வாரத்தில் ஒருநாள் அவள் அங்கே போய்வருகிறாள். போகிற நாளில் அவள் மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க மருமக இன்னிக்கு இன்ஜினியருங்களுக்குத் தப்பு கண்டுபிடிக்கப் போறா," என்கிறாள். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க அத்தை," என்று அவள் சொல்வதுண்டு. கொஞ்சம் தாமதமாகத்தான் சொல்வாள். அதற்குள் மாமியார் இரண்டு வீடு தாண்டியிருப்பாள்.

தொடர் முடிந்ததும் மாணவர்கள் செய்த இழுப்பறைகளைப் பள்ளியில் கண்காட்சியாக வைத்தார்கள். வாசலில் வருகைப் பதிவேட்டோடு அவள் உட்கார்ந்திருந்தாள். வந்த மாணவர்கள் யாரும் அவளை முன்னே பின்னே பார்த்ததில்லை.

"எந்த ஊர்லேர்ந்து வரீங்க? இங்க எழுதுங்க," என்றாள், முதலில் வந்த பெண்ணிடம்.

அந்தப் பெண் பேனாவை எடுக்காமல் நின்றாள். "நீங்கதானா அது? அந்தக் குரல்?" என்றவள் பின்னால் திரும்பி, "இவங்கதான்! போன்ல நம்மகூடப் பேசினவங்க இவங்கதான்!" என்று சத்தம் போட்டாள்.

வரிசை கலைந்து மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் கை கொடுத்தார். ஒருவர் தன் இழுப்பறையைத் தூக்கி அவள் முன் வைத்து, இழுத்துப் பார்க்கச் சொன்னார். விரலால் லேசாகத் தொட்டதும் அது வழுக்கிக்கொண்டு வந்தது. மூலையில் வாலும் பள்ளமும் மயிரிழை இடைவெளி இல்லாமல் கவ்வியிருந்தன. அதை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மாஸ்டர், வேண்டுமென்றே மறுபடி உள்ளே போய்விட்டார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றாள், பதிவேட்டை முன்னால் நகர்த்திக்கொண்டு. "சரி, ஒவ்வொருத்தரா கையெழுத்து போடுங்க. பின்னாடி ஆள் நிக்கறாங்க."