சரோஜா அக்கா கடையில் மாட்டிய படம்

நான் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி செய்பவள். கொதிநீரிலும் சாகாத வித்துகளாகச் சோற்றில் தங்கி, வெதுவெதுப்பில் விழித்துப் பெருகி, சாப்பிட்டவரை வாந்தியெடுக்க வைக்கும் கிருமிகள்தான் என் வேலை. சத்திரம் பேருந்து நிலையத்தருகே புளியோதரை விற்கும் சரோஜா அக்காவிடம் சாம்பிள் கேட்கப் போனபோதே, முடிவு தெரிந்துவிட்டதாக நினைத்தேன். தெருவோரக் கடை; கிருமி மொய்க்கும் என்று முடிவுகட்ட எனக்கு அது போதும்.

அக்கா வடித்த சாதத்தைத் தாம்பாளங்களில் மெல்லிசாகப் பரப்பி, நல்லெண்ணெய் ஊற்றி விசிறிக்கொண்டிருந்தார்.

“சூட்டோட மூடினா சாதம் வேர்த்துடும்ங்க” என்றார். அதில் கொஞ்சம் மாலைவரை வைத்திருந்து தரச் சொல்லி, நான் சிரித்துக்கொண்டே டப்பாவை நீட்டினேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ‘சுத்தமான’ சாதம் வேண்டுமே? காட்டூரில் என் வீட்டுக் குக்கரில் காலையில் வைத்து, மாலைவரை மூடியே கிடந்ததை எடுத்துப்போனேன்.

மறுநாள் சோதனைத் தட்டுகளைப் பார்த்ததும் காது சூடேறியது. அக்காவின் சாதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிருமிப் புள்ளிகள். என்னுடையதில் ஊசி குத்தவும் இடமில்லை.

“உங்க சாம்பிளை எடுத்துடலாமா மேடம்?” என்றாள் உடன் வேலை பார்க்கும் கவிதா. சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“வேணாம். என் பேரோடயே போடு.”

ஸ்ரீரங்கத்தில் நடந்த கருத்தரங்கில், நான் அழைத்திருந்த அக்கா பட்டுப்புடவையோடு முதல் வரிசையில் இருந்தார். இரண்டு தட்டுகளையும் திரையில் காட்டி, எது யாருடையது என்று சொன்னேன். முடிந்ததும் வந்தார்.

“அந்தப் படத்தைக் கொடுங்க, கடையில மாட்டணும்.”

“உங்களுது மட்டுமா?”

“ரெண்டும்தாங்க. பக்கத்துல உங்களுது இருந்தாதானே என்னுது சுத்தம்னு தெரியும்!”

ஆய்விதழ்களில் என் பெயர் வந்திருக்கிறது. ஆனால் நான் ஊராரை அழைத்துப்போய்க் காட்டுவது அந்தக் கடைச் சுவரைத்தான்.