வானத்துக்கு ஒரு ‘ம்’

வழிகாட்டி வேலைக்கு நல்ல தொண்டை வேண்டும். எனக்கு வாய்த்ததோ கோபுரத்துப் புறா முனகுகிற குரல்.

பாளையங்கோட்டையில் ஒரு கண்காட்சி அரங்கு. அமெரிக்காக்காரர்கள் வானத்தில் ஏறிய கதைக்கு வரிசையாக நான்கு படங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரே ஒரு ஆளையாவது நாலாவது படம்வரை கூட்டிப் போனால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

குரல்கூடப் பரவாயில்லை. நான் தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்தவன். கேட்கிறவன் ‘ம்’ கொட்டினால்தான் அவர் கதை நகரும். அந்தப் பழக்கம் என்னிடமும் ஒட்டிக்கொண்டது. பேசிப் பிழைக்கும் அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

பன்னிரண்டு நொடி

முதல் படம், முதல் விமானத்தைச் செய்து ஓட்டிய சைக்கிள் கடை அண்ணன் தம்பி. திருச்செந்தூருக்குப் போகிற வழியில் ஒரு குடும்பம் வந்தது. “தம்பிக்காரர் படுத்துக்கிட்டே ஓட்டினார். பன்னிரண்டு நொடி பறந்தார்” என்று சொல்லி ‘ம்’முக்காக நிறுத்தினேன். அவ்வளவுதான் கதை என்று நினைத்துவிட்டார்கள்.

“எங்க வீட்டுச் சேவல் அதுக்கு மேல பறக்கும்வே. ஏ, வாங்க, பஸ்ஸு போயிரும்!”

தூங்காத ஆள்

இரண்டாவது படம், அட்லாண்டிக்கைத் தனியாகத் தாண்டியவர். சேரன்மகாதேவியிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா இதுவரை வந்தார். “முப்பத்து மூணரை மணி நேரம். கண்ணு சொருகுது. கீழே கடல்...” நிறுத்தினேன். அவரும் காத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். விமானம் நடுக்கடலுக்கு மேலே தொங்கியது.

“மறந்துபோச்சா? பைய ஞாபகப்படுத்துங்க தம்பி, நான் கடைக்குப் போயிட்டு வாரேன்.”

விளக்குமாற்றுக் கம்பு

ஞாயிறு சாயங்காலம். மூன்றாவது படத்தின் முன்னால் ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காய் வியாபாரி ஒருவர் நின்றார். “இவர் ராணுவ பைலட். குதிரையிலிருந்து விழுந்து விலா ஒடிஞ்சதை மேலதிகாரிகிட்டச் சொல்லலை” என்றேன்.

“ம்.”

எனக்குப் புல்லரித்தது. “விமானக் கதவை இழுத்துச் சாத்தக் கை வரலை. விளக்குமாத்துக் கம்பை வெட்டி, அதை வச்சுச் சாத்தினார்.”

“ம்ம். பெறவு?”

“சத்தத்தையே முந்திப் பறந்துட்டார்!” அவர் நடந்தார், நானும் நடந்தேன். நாலாவது படம், நானூறு பேரைச் சுமக்கிற ஜம்போ. ஒவ்வொரு வரிக்கும் ஒரு ‘ம்’. தூரத்திலிருந்து மேலாளர் கட்டைவிரலை உயர்த்தினார். அப்போதுதான் வியாபாரி திரும்பினார். அதுவரை எனக்குத் தெரியாத பக்கத்துக் காதில் போன் கருவி.

“ஒரு நிமிசம் இரு மச்சான்... ஏலே, யாருலே நீ? அப்பப் புடிச்சு எம் பின்னாலயே வாரே!”

வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்த பைலட் விலாவை மறைத்ததுபோல, நானும் அந்தக் காதுக் கருவியைப் பற்றி மேலாளரிடம் இன்றுவரை மூச்சு விடவில்லை.