ஷலோண்டாவின் கைகள்

வெர்னிட்டா காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். நடுவில் கிடைக்கும் நேரத்தில் செத்தவர்களை வரைவாள். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், தெற்குப் பகுதியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அடக்க ஆராதனையில் கொடுக்கும் புத்தகத்தின் அட்டைப் படத்துக்கு அவளைத்தான் தேடி வருவார்கள். கொண்டுவரும் போட்டோவை டேப்லெட்டில் ஏற்றி, பின்னால் மேகம் வைப்பாள், வானத்துக்குப் போகும் படிக்கட்டு வைப்பாள், கேட்டால் சிறகும் வைப்பாள். ஒன்றை மட்டும் செய்யமாட்டாள். முகத்தை வெளுக்கமாட்டாள். கறுப்பு முகத்தைக் கண்டால் டேப்லெட்டில் உள்ள மென்பொருள் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு தானாகவே வெளிச்சத்தை ஏற்றிவிடும். அவள் திட்டிக்கொண்டே இறக்குவாள்.

"உயிரோட இருந்தப்பதான் இந்த நிறத்துக்காக ஏச்சு வாங்கினாங்க. செத்த பிறகாவது இருந்த மாதிரியே இருக்கட்டும்" என்பாள்.

அந்த ஏப்ரலில் அவள் தங்கை ஷலோண்டா செத்துப்போனாள். பெண் குழந்தை பெற்ற மறுநாள். மூச்சு முட்டுகிறது என்று சொன்னாள். தலைப்பிரசவப் பதற்றம் என்றார் டாக்டர். மறுபடியும் சொன்னாள். கத்தாதே என்றாள் நர்ஸ். நுரையீரலில் ரத்தம் கட்டியிருந்ததை உயிர் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள். பிறந்தவுடன் திணறியது என்று குழந்தையை வேறு தளத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். குழந்தையின் மூச்சைப் பார்க்க அந்த ஆஸ்பத்திரியில் ஆள் இருந்தது. தாயின் மூச்சைப் பார்க்க இல்லை. பெற்றவள் பிள்ளையை ஒரு தடவைகூடக் கையில் வாங்கவில்லை.

சில நாளில் குழந்தை ஸயானா மட்டும் வீடு வந்தாள். சபைப் பெண்கள் பொரித்த கோழியும் கேக்குமாக வந்து சமையலறையை நிறைத்தார்கள். அங்கே வைத்துத்தான் அம்மா எர்லீன் கேட்டாள்.

"அட்டையில ஷலோண்டா கையில ஸயானாவ வை."

"மாட்டேன்மா."

"ஊருக்கெல்லாம் செய்வே. செத்துப்போன ஜெரோமைக் கொண்டாந்து அவன் மக கல்யாணப் படத்துல நிக்க வச்சே. சொந்தத் தங்கச்சிக்குக் கை வராதோ?"

"அது ஆசைக்கு வரைஞ்சது. இதப் பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? கொழந்தையக் கொஞ்சிட்டு நிம்மதியாப் போய்ச் சேர்ந்தான்னு நினைப்பாங்க. அந்த டாக்டருக்கு நானே பாவமன்னிப்புக் கொடுத்த மாதிரி ஆயிடும்மா."

கேக் தட்டோடு உட்கார்ந்திருந்த டாலிவர் போதகர் தொண்டையைச் செருமினார். "மகளே, கர்த்தருக்கு ஒரு தேவதை தேவைப்பட்டிருக்கு. அழைச்சுக்கிட்டார். இத ஏத்துக்கிட்டாத்தான் மனசு ஆறும்."

"கர்த்தர் அழைக்கல, ஐயா. அவதான் அழைச்சா. நர்ஸக் கூப்பிடற மணிய அமுக்கி அமுக்கி அழைச்சா. யாரும் வரல."

"போதகரே, கேக்கச் சாப்பிடுங்க" என்றாள் பக்கத்து வீட்டு ஒடெஸா. "வாய்க்கு வேற வேலை இருக்கட்டும்."

கர்த்தருக்குத் தேவைப்படும் தேவதைகள் ஏன் எப்போதும் இந்தத் தெருக்களிலிருந்தே போகிறார்கள் என்று போதகரிடம் யாரும் கேட்பதில்லை. நகரத்தின் மறுகோடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மூச்சு முட்டுகிறது என்றால் ஸ்கேன் எடுக்க ஆள் ஓடுகிறது. அதில் விதி எங்கே வந்தது? யார் வலியை நம்புவது, யாருடையதைத் தள்ளுவது என்று மனிதர்கள் எடுக்கும் முடிவு அது.

வெர்னிட்டா வரைந்தாள். மேகம் இல்லை, சிறகு இல்லை. ஆஸ்பத்திரி அங்கியில் ஷலோண்டா. பிரசவத்துக்கு முந்தின வாரம் வெர்னிட்டா பின்னிவிட்ட சடைகள். அவளுடைய ஆழ்ந்த கறுப்பு, இருந்தபடியே. பிள்ளையை வாங்கிக்கொள்ள மடித்து நீட்டிய இரண்டு கைகள். கைகளில் ஒன்றும் இல்லை.

போதகர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார். "ஆறுதல் தேடி ஆலயத்துக்கு வர்றாங்கம்மா. இத எப்படிக் கொடுக்கறது?"

எர்லீன் டேப்லெட்டை வாங்கினாள். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னிட்டா ஏச்சுக்குக் காத்திருந்தாள்.

"இதையே அச்சடிங்க" என்றாள் எர்லீன். "நான் பெத்தவ, போதகரே. வெறுங்கையாத்தான் போனா. கர்த்தரும் பாக்கட்டும்."

சனிக்கிழமை ஆராதனையில் பாடகர் குழு ஒரு பாட்டைத் தொடங்கி, பாதியில் குரல் உடைந்து நின்றது. புத்தகத்தை வாங்கியவர்கள் அதை மடியில் கவிழ்த்து வைக்கவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் இருந்தார்கள். டாலிவர் போதகர் அன்று தேவதையைப் பற்றிப் பேசவில்லை.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அம்மா வெர்னிட்டாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள், பிள்ளையோடு.

"ஊருக்குக் காட்டவேண்டியதக் காட்டியாச்சு. இப்ப எனக்கு ஒண்ணு வரை. அதுல இவ இருக்கணும்."

"அம்மா..."

"பொய்னு தெரியும்டி. இவ வளர்ந்து வந்து, எங்கம்மா என்னத் தூக்கினாங்களான்னு கேட்டா நெசத்தத்தான் சொல்லுவேன். சொன்னப்புறம் இவ கையில என்னத்தக் கொடுக்கட்டும்? அத வரை."

வெர்னிட்டா டேப்லெட்டைத் திறந்தாள். தங்கை எந்தப் பிள்ளையையாவது தூக்கிவைத்திருந்த படம் ஒன்றும் அவளிடம் இல்லை.

"எப்படித் தூக்கியிருப்பான்னே தெரியலியேம்மா."

எர்லீன் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். ஸயானாவை இடது கையில் கிடத்தி, வலது கையை அடியில் கொடுத்தாள்.

"உன்ன இப்படித்தான் தூக்கினேன். அவளையும் இப்படித்தான். அவளுக்கு வேற எப்படித் தெரியும்?"

வெர்னிட்டா அம்மாவின் கைகளைப் பார்த்து வரையத் தொடங்கினாள். சுருக்கங்களை மட்டும் விட்டுவிட்டாள்.