ஸ்கூட்டர் கண்ணாடியில் தொங்கும் பேண்ட்

தேனி மைதானத்துக்குக் காலையில் ஓட வருவாள் அந்தப் பெண். என்னைப் போல ஐம்பதைத் தாண்டியவள். சுடிதார் பேண்ட்டைக் கழற்றி ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிட்டு, உள்ளே போட்டிருக்கும் ஷார்ட்ஸோடு ஓடுவாள். நான் பள்ளியில் கோகோ ஆடியபோது டவுசருக்கு மேல் பாவாடையும் கட்டச் சொன்னார்கள். தடுக்கி விழுந்தே தோற்றேன். இன்றைய பிள்ளைகள் குட்டை ஷார்ட்ஸில் ஆடுவதைப் பார்த்து எனக்குப் பொறாமையில்லை. அது அவர்கள் காலம். இவள் என் காலத்துக்காரி; வயிறு எரிகிறது.

“ஏக்கா, ஊரு பேசாதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பேசுறாகதேன். ஓடிக்கிட்டே இருந்தா பாதிதேன் காதுல விழுகும்” என்று நிற்காமலே சொல்லிப்போனாள்.

அதே மாதிரி ஷார்ட்ஸ் ஒன்று நானும் வாங்கினேன். தினமும் காலையில் அதைப் போட்டு, மேலே நைட்டியை மாட்டிக்கொண்டு தோசை சுடுகிறேன்.