வலது சிலிப்பர்

பத்துக் காசை வைத்துச் சுற்றிலும் பேனாவால் கோடு இழுக்கிறார் கனகராஜ். பிறகு கத்தியால் அந்த வட்டத்தை அறுத்தெடுக்கிறார். மேசையில் கிடப்பது நீல வார் வைத்த ரப்பர் சிலிப்பர். பெண்கள் போடுவது. வலது.

சிம்பாங் ரெங்கம் ஊரில் அவருடைய மலிவு விலை வீட்டின் முன்னறைதான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. பெயர்ப்பலகை கிடையாது. சன்னல் கம்பியில் பழைய கீபோர்டு ஒன்று தொங்கினால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர் மதர்போர்டின் அடிப்பக்கம் முழுக்க ஈயப் புள்ளிகள். அவை கேசிங் என்கிற வெளிப்பெட்டியின் தகரத்தைத் தொட்டால் போர்டு செத்துவிடும். தொடாமல் உயர்த்திப் பிடிக்கச் சின்னப் பித்தளைத் தாங்கிகள் உண்டு. அவரிடம் வருகிறவர்கள் அதைக் 'கால்' என்பார்கள். பழைய கேசிங்கில் பெரும்பாலும் அது இருக்காது. சிலர் போர்டு சுற்றி வந்த வெள்ளிநிறப் பையையே அடியில் விரித்துவிட்டுக் கொண்டுவருவார்கள்.

"பளபளன்னு இருக்கேன்னு விரிச்சிர்றாங்க. அதுவே கரண்ட்ட கடத்தும்" என்பார்.

அவர் வழி, துளைக்கு ஒரு ரப்பர் வட்டம். திருகாணிக்குப் பதில் தூண்டில் நரம்பு. ஊசியில் கோத்து இழுத்து, முடிச்சுப் போட்டு, மீதியைப் பல்லால் கடித்துத் துப்புவார்.

ஒரு காலத்தில் அவரும் கால் என்றுதான் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் இனிப்புநீர் நோய் முற்றி, மனைவி கஸ்தூரிக்கு வலது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து 'அந்தச் சாமான்' என்கிறார். யாராவது கால் என்றால் குனிந்து திருகாணி தேடுவார்.

கடையில் ஒற்றைச் சிலிப்பர் விற்பதில்லை. ஜோடியாக வாங்குகிறார். இடது கஸ்தூரிக்கு. வலது மேசைக்கு.

காலையில் போர்டு பார்க்கும் பூதக்கண்ணாடி விளக்கை முதலில் கஸ்தூரியின் இடது பாதத்துக்குப் பிடிப்பார். மடியில் வைத்து, விரல் இடுக்குகளை விரித்து, ஈய ஒட்டுகளைப் பார்க்கிற அதே பொறுமையோடு பார்ப்பார். மூன்று வாரமாகச் சுண்டு விரலடியில் ஒரு புண். விளிம்பு கறுத்துவருகிறது. அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பஞ்சை மாற்றுவார்.

அன்று வியாழக்கிழமை. டியூஷன் நடத்தும் சந்திரமதி டீச்சர் மழையில் நனைந்துகொண்டு கேசிங்கைத் தூக்கிவந்தார். மறுநாள் கஸ்தூரிக்கு ஆஸ்பத்திரி. இடது காலையும் எடுப்பதா என்று டாக்டர் சொல்லப்போகிற நாள். அது டீச்சருக்குத் தெரியாது.

"அண்ணே, உள்ள ஒரு கால்கூட இல்ல லா. கால் இல்லாம எப்படி நிக்கும் இது?"

கனகராஜ் திருகாணி டப்பாவுக்குள் விரலை விட்டார். உள்ளே நாற்காலியிலிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது.

"அவரு நிக்க வச்சிருவாரு டீச்சர். என்னையே வச்சிருக்காருல்ல."

டீச்சருக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. மழை விட்டதும் வருகிறேன் என்று எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

டீச்சரின் போர்டில் ஆறு துளைகள். மேசையிலிருந்த சிலிப்பர் ஏற்கெனவே அறுத்து அறுத்துச் சல்லடையாகியிருந்தது. ஐந்து வட்டம்தான் தேறியது. ஐந்தையும் கட்டினார். ஆறாவது மூலையில் போர்டு லேசாகத் தொய்ந்தது. விரலை வைத்துத் தாங்கியபடி மேசையைப் பார்த்தார். அடுத்த ஜோடியை அவர் இன்னும் வாங்கவில்லை. வாங்க வேண்டுமா என்று மறுநாள்தான் தெரியும்.

கஸ்தூரி பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியோரம் கிடந்த தன் இடது சிலிப்பரை ஊன்றுகோலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"இதுல வெட்டிக்குங்க. நாளைக்கி எப்படியும்..."

அவர் எழுந்துபோய் அதை எடுத்தார். ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். கொண்டுபோய் வாசலில், வெளியே பார்க்கிற மாதிரி நேராக வைத்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, தன் இடது காலை உதறினார். கழன்று விழுந்த சிலிப்பரை மேசைமேல் கவிழ்த்து, சட்டை நுனியால் துடைத்து, குதிகாலில் பத்துக் காசை வைத்தார்.