சத்தத்தைக் குறைக்க மாட்டேன்!

வழுக்கைத் தலையன் ஒருவன், பட்டுப்புடவை அட்டைப்பெட்டியைக் கிதார் மாதிரி வெட்டி மாட்டிக்கொண்டு, இல்லாத முடியைச் சிலுப்பி ஆடினால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? அதையேதான் என் மனைவியும் சொன்னாள். அந்த மடையன் நான்தான்.

போன ஆடியில், ஆரணியில் நடந்தது. கல்யாணங்களுக்குப் பாட்டுப் போடும் டி.ஜே. நான். ஆடியில் கல்யாணம் ஏது? மண்டபம் காலி. ஞாயிறு மாலைகளில் அதன் சாப்பாட்டுக் கூடத்தில், என்னைப் போல் பித்துப் பிடித்த ஐம்பது அறுபது பேரைக் கூட்டி, எனக்கு உயிரான, காதைக் கிழிக்கும் பழைய இங்கிலாந்து ஹெவி மெட்டல் பாட்டுகளைப் போடுவேன். அந்தக் காலத்தில் லண்டனில் ஒரு டி.ஜே., முகம் தெரியாத பையன்கள் கொடுத்த கேசட்டுகளை மதுக்கூடத்தில் போட்டுப் போட்டே அவர்களை ஊரறிய வைத்தாராம். ஆரணிக்கு அவர் நான்தான் என்று எனக்கு நினைப்பு!

அன்று செய்யாறு கம்பெனியில் வேலை செய்யும் நான்கு இளைஞர்கள் வந்திருந்தார்கள். அதே பாணியில் தாங்களே தமிழில் எழுதிப் பாடிய முதல் பாட்டு பென்டிரைவில் இருந்தது. இத்தனை பேர் முன்னால் அது ஒருமுறை ஒலிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அப்புறம் நைட் ஷிஃப்டுக்கு ஓட வேண்டும்.

பாட்டை அறிவித்துவிட்டுப் பொத்தானில் கை வைத்தேன். கரண்ட் போய்விட்டது. மெயினை இறக்கியவர் மண்டப மேனேஜர்.

“சத்தம் ஜாஸ்தின்னு கம்ப்ளெயின்ட் வந்துகினே கீதுங்க. கொறச்சி வெச்சி இந்த ஒரு பாட்டப் போட்டு ஜல்தி முடிச்சிக்கோங்க.”

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அங்கேதான் தடுக்க முடிகூட இல்லையே! வெளியே ஆடித் திருவிழாவுக்குத் தெருவுக்குத் தெரு கட்டிய குழாய் ஸ்பீக்கர் காலையிலிருந்து அலறுகிறது. அது சத்தமில்லையாம். கதவைச் சாத்திக்கொண்டு நான் போடுவதுதான் சத்தமாம்!

“ரோட்ல கத்திகினு கீதே, மொதல்ல அத நிறுத்துங்க!”

“அது வேறங்க.”

“இன்னா வேற? மெட்டலப் போயி தாலாட்டு மாதிரி போடச் சொல்றீங்களே, நாயமா?”

அவர் மெயினைத் திரும்பப் போட்டுவிட்டார். நான் விடவில்லை. சட்டம் பேசினேன். அட்டை கிதாரைக் கீழே போட்டு மிதித்தேன். குறைத்துப் போட மாட்டவே மாட்டேன் என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அதற்குள் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்த நால்வரில் பாடகர், தானே வந்து பென்டிரைவை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. ஆனால் அதில் பாதிச் சூடு இப்போது என் மேலேயே அடிக்கிறது. ஏனென்றால், படியிறங்கிய அந்தப் பாடகரிடம், “பாத்தியா தம்பி, உங்க பாட்டுக்காக எப்படிச் சண்ட போட்டேன்!” என்று பெருமையாகக் கேட்டேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மெதுவாவே போட்ருக்கலாம்ணா.”