துண்டு நுனியில் பின்னல்

கழக்கூட்டம் என்ற ஊரில் ஓர் அனிமேஷன் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி அவள். வலியசாலை அக்ரஹாரத்துப் பெண். நாகர்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், தன் அம்மா கையால் சாப்பிட வைத்தவள். அந்த நம்பிக்கையில்தான் எதையும் மறைக்காமல் அவளிடம் கொட்டினேன்.

என் அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், "நீ யாரு மக்ளே, யாரப் பாக்க வந்தே?" என்று கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள், மடியில் கிடந்த துண்டின் நூல் நுனிகளை மூன்றாகப் பிரித்துச் சடை பின்ன ஆரம்பித்துவிட்டாள். நான் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் எனக்குப் பின்னிவிட்ட கை அது.

இதைக் கேட்டதும் பக்கத்து மேசைக்காரிதான் ஃபிளிப் புக் செய்யலாம் என்றாள். தாள் தாளாகக் கையால் வரைந்து, கட்டைவிரலால் சரசரவென்று விட்டால் படம் ஓட வேண்டும். முக்கியமான அசைவுகள் அவளுடையவை. நடுவே நிரப்பும் படங்கள் என் தலையில். ஓர் அம்மா மகளுக்குச் சடை பின்னுகிறாள். சடை நீண்டு நீண்டு ஆறாகிறது. மகள் அதில் மிதந்து போய்விடுகிறாள். அம்மாவின் விரல்கள் வெறும் காற்றைப் பின்னிக்கொண்டே இருக்கின்றன. அந்த விரல்களை நான் வீட்டில் உட்கார்ந்து, என் அம்மாவைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.

தம்பானூரில் ஒரு சின்ன ஹாலில் கண்காட்சி. அட்டையில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். மைக்கைப் பிடித்தவள், இது தன் அம்மாவின் கதை, அம்மா தன்னை யாரென்று கேட்ட அன்று பிறந்த படம் என்று மலையாளத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். கூட்டமும் கண்ணைத் துடைத்துக்கொண்டது. என் பெயரை எடுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பாவி, என் அம்மாவையே எடுத்துக்கொண்டாள்.

தன் அம்மா வரமாட்டார் என்று நினைத்திருக்கிறாள். மாமியோ கோயிலிலிருந்து நேரே ஆட்டோ பிடித்து வந்து, பின்னால் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பிடித்தார்.

"நான் எப்போடி இவளை மறந்தேன்?"

"நீங்க இல்ல மாமி. அது எங்கம்மா."

மாமி என் கையை விடாமல் மேடையையே பார்த்தார்.

"அப்போ இவ அழறது யாருக்குடி?"